கும்பிட்ட கை பிரியும் முன்

இடப்பக்கம் நிற்பவன்தான் ஜெயிக்கிறான். ஏன் என்று ரத்ரிக்குப் பிடிபடவில்லை.

துமினி அம்மாளின், ஊர் வழக்கில் பு துமினியின், பெச்செல் சோற்றுக் கடையில், வேர்க்கடலை அரைக்கும் கல்லுக்கும் கைகழுவும் குழாய்க்கும் நடுவே அந்த விளையாட்டுப் பெட்டி நின்றது. ஆள் உயர இரும்புக் கூடு. மார்பு உயரத்தில் ஒரு திரை. திரைக்குக் கீழே இடப்பக்கம் நான்கு பொத்தான், வலப்பக்கம் நான்கு. திரைக்குள் கறுப்பு உடை போட்ட இரண்டு சிலாட் தற்காப்புக்கலை வீரர்கள். இடப்பக்கத்து ஆளின் இடுப்பில் சிவப்புக் கச்சை, வலப்பக்கத்து ஆளுக்கு வெள்ளை. இருவரும் நெஞ்சுக்கு நேரே கை கூப்பிக் கும்பிடுவார்கள். கை பிரிந்ததும் சண்டை. சரியான ஓர் அடி விழுந்தால் போதும். ஆள் மண்ணில், அடித்தவனுக்கு ஒரு புள்ளி. எழுந்து, மறுபடி கும்பிட்டு, மறுபடி சண்டை. முதலில் ஐந்து புள்ளி எடுப்பவன் வென்றவன்.

கடையில் பையன்கள் ஆடினால் சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று. அந்த ஒன்றும் பல நேரம் கிடைக்காது. அதே விளையாட்டை ரத்ரி வீட்டில் கணவன் டானாங்கோடு ஆடிப் பார்த்தாள், தம்பி தெகாரோடு ஆடிப் பார்த்தாள். ஒரு தடவை சிவப்பு, ஒரு தடவை வெள்ளை. பக்கம் மாறி உட்கார்ந்தாலும் அப்படித்தான். யாருக்கும் சாய்வில்லை.

"பொத்தான் ஒயர மாத்திப் போட்டுப் பாத்தியா?" என்று டானாங் கேட்டான்.

"பாத்தேன் மாஸ். ஒயர்ல ஒண்ணுமில்ல," என்றாள். வயதில் மூத்த ஆணை அங்கே 'மாஸ்' என்பார்கள்.

"அப்ப அந்தப் பசங்களுக்கு ஆடத் தெரியல."

"வலப்பக்கம் நிக்கிறவனுக்கு மட்டும் எப்பவும் தெரியாமப் போகுமா?"

வேறு ஊராக இருந்தால் இது வெறும் கோளாறு. மடியூனில் இது அடிதடி. சிவப்புக் கச்சை வெத்தான் சிலாட் பள்ளிக்காரர்களுடையது, வெள்ளை குலோன்காரர்களுடையது. ஒரே ஆசானின் இரண்டு சீடர்கள் சண்டையிட்டுப் பிரிந்து தொடங்கிய பள்ளிகள் அவை. சூரோ மாதம் பிறந்தால் இரண்டு கூட்டமும் ஊர்வலமாகப் போய் மலர் தூவுவது அந்த ஆசானின் ஒரே கல்லறையில்தான். போகிற வழியில்தான் மண்டைகள் உடையும்.

டானாங் வெத்தான். தெகார் குலோன். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தார்கள் என்பதே அந்தத் தெருவுக்கு வேடிக்கை.

கூரை என்றால் உண்மையில் கூரைகூட இல்லை, இறவாணம்தான். பத்து வருடத்துக்கு முன், ரத்ரியின் அப்பா விட்டுப்போன வீட்டின் பக்கவாட்டில், ஓட்டுத் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு மேசை போட்டு அவர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் வேலையைத் தொடங்கினார்கள். அதனால் ஸ்டுடியோவுக்குத் 'திரித்திசான்' என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சில் இறவாணம் என்று பொருள். முதலில் கைப்பேசியில் கோழிமுட்டை பிடிக்கும் விளையாட்டு செய்தார்கள். பிறகு பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தரும் விளையாட்டு, லெவல் கிராசிங்கில் சைக்கிளை நிறுத்தும் விளையாட்டு. மழை பெய்தால் கம்ப்யூட்டர் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டு, தார்ப்பாய்க்குள்ளேயே உட்கார்ந்து ரத்ரி நிரல் எழுதுவாள். பிறகு மூங்கில் தட்டி வந்தது, பிறகு செங்கல் சுவர். ஐந்து பேராக இருந்தவர்களில் இரண்டு பேர் சம்பளம் தேடி சுரபாயாவுக்குப் போனார்கள். ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த டானாங் வேலையை விட்டுவிட்டுப் படம் வரைய வந்தான். தெகார் ஒலி. வாழைத்தண்டைச் சுவரில் அறைந்தால் எலும்பு முறியும் சத்தம் வரும், ஈரச் சாக்கைத் தரையில் போட்டால் ஆள் விழும் சத்தம் வரும் என்று கண்டுபிடித்து ஒலிவாங்கியோடு திரிந்தவன் அவன்.

சிலாட் விளையாட்டு அவர்களுடைய நான்காவது. நான்கு வருட உழைப்பு. மற்ற மூன்றும் யாரோ கேட்டதால் செய்தவை; இது அவர்களே ஆசைப்பட்டது. ஸ்டுடியோவின் கதவுக்கு வெளியே ஓர் ஆணி உண்டு. பயிற்சி முடித்து வரும்போது டானாங் சிவப்புக் கச்சையையும் தெகார் வெள்ளையையும் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ரத்ரி போட்ட சட்டம். அவளும் சின்னப் பெண்ணாக இருந்தபோது வெத்தானில் இரண்டு வருடம் உதைத்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு எந்தக் கச்சையும் கட்டவில்லை.

சூரோ பிறந்த வாரம், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அவளே பு துமினி கடைக்குப் போய் உட்கார்ந்தாள். மத்தியான வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. பு துமினி அவித்த கீரையும் முளைப்பயறும் வைத்து, மேலே கடலைச் சாந்தை ஊற்றி, ஓர் அப்பளத்தைக் குத்தி நிறுத்தி அவள் முன்னால் தள்ளினாள்.

"உன் பெட்டி வந்தப்புறம் ஏவாரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம் தாங்கல. எடுத்துட்டுப் போறியா, இல்ல அந்த வெள்ளைக் கச்சைக்காரனக் கொஞ்சம் ஜெயிக்க வைக்கிறியா?"

"அதுக்குத்தான் பு, வந்திருக்கேன்."

இடப்பக்கம் ஒரு வெத்தான் பையன், வலப்பக்கம் ஒரு குலோன் பையன். இரண்டு பேருமே புதுசு. இன்னும் உறுதிமொழி எடுக்காதவர்கள். ரத்ரி திரையையே பார்த்தாள். கும்பிட்டார்கள், வெள்ளை விழுந்தது. கும்பிட்டார்கள், வெள்ளை விழுந்தது. மூன்றாவதும் அப்படியே.

"டேய், இவன் கும்பிடறதுக்கு மட்டுந்தான் பழகியிருக்கான்டா!" என்று இடப்பக்கத்தவன் சிரித்தான். "கச்சைய அவுத்து பு துமினிகிட்ட குடு. சட்டி தொடைக்க ஆவும்."

வலப்பக்கத்தவன் எட்டி, கடலை அரைக்கும் கல்லிலிருந்து குழவியை எடுத்தான். சாந்தோடு அது மற்றவனின் வாயில் இறங்கியது. பல் உடைந்த சத்தம், தெகார் வாழைத்தண்டில் எடுத்த சத்தத்தைப் போல இல்லை. அதைவிடச் சின்னதாக, அரிசியில் கல் கடித்ததுபோல இருந்தது. அடுத்த நிமிடம் பெஞ்சுகள் பறந்தன. ஒருவன் சோடா பாட்டிலைத் தூணில் தட்டி உடைத்து அதையே பிடித்துக்கொண்டு பாய்ந்தான். இன்னொருவனின் காது பாதி தொங்கியது. யாரோ பெட்டியை உதைத்தார்கள். திரையின் மூலையில் விரிசல் ஓடியது. விரிசலுக்குப் பின்னால் சிவப்புக்காரன் இன்னும் கும்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பு துமினி கொதிக்கிற கீரைத்தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி, "ஊத்திருவேன்டா! எவன் அப்பன் வந்தாலும் ஊத்திருவேன்!" என்று கத்தியபிறகுதான் கடை காலியானது. தரையில் கடலைச் சாந்தும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்தன.

மறுநாள் காலை பாக் டர்மோ வந்தார்; 'பாக்' என்பது ஐயா என்பதுபோல. அந்தப் பகுதி குலோன்காரர்களின் தலைவர். பிழைப்புக்கு டயர் பஞ்சர் ஒட்டுபவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, இறவாணத்தின் கீழ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரத்ரி கொடுத்த காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்தார்.

"நான் குத்தம் சொல்ல வரல ம்பா," என்று அக்கா முறை வைத்துப் பேசினார். "கேள்வி கேக்க வந்தேன். உங்க பெட்டியில வெள்ளை ஏன் தோக்குது?"

"தெரியல பாக்."

"செஞ்சது நீங்கதானே?"

"நாந்தான் செஞ்சேன். தெரியல."

"தெரியலன்னு நான் போய்ச் சொன்னா பசங்க நம்பணுமே. வீட்டுக்காரர் வெத்தான். பெட்டி செஞ்சது நீங்க. வெத்தான்தான் ஜெயிக்குது. சின்னப் புள்ளகூட கூட்டிப் பாத்துரும்."

"என் தம்பி உங்க ஆளு பாக்."

"அதனாலதான் இன்னும் உங்க ஓடு முழுசா இருக்கு." அவர் சாசரை அலுங்காமல் கீழே வைத்தார். "நாளைக்கு ஊர்வலம் இந்தத் தெரு வழியாத்தான் போவுது. ஆயிரம் பேரு. ஒருத்தன் கையப் புடிச்சா இன்னொருத்தன் கை சும்மா இருக்காது. அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் குடுங்க. பொய் வேணாம். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் போனதும் ரத்ரி மேசைக்குத் திரும்பினாள். விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதை அவள் மனதில் மறுபடி அடியிலிருந்து அடுக்கிப் பார்த்தாள். திரையில் ஆட்கள் அசைவதுபோலத் தெரிவது அசைவல்ல, ஒரு நொடிக்கு அறுபது படம். ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் ஒரு சுற்று வேலை செய்யும். பொத்தான்களைப் பார்க்கும். இடப்பக்கத்து ஆளைக் கவனிக்கும்: இவன் அடி மற்றவன் உடம்பைத் தொட்டதா? தொட்டிருந்தால் மற்றவனை விழவைக்கும். பிறகு வலப்பக்கத்து ஆளைக் கவனிக்கும். விழுகிறவனால் அடிக்க முடியாது என்பதால் அவன் அடி ரத்தாகிவிடும். ஆக, இரண்டு அடியும் ஒரே படத்தில் பட்டால் இடப்பக்கத்தவனுக்கு லாபம்தான். இது அவளுக்கு முன்பே தோன்றியதுதான். ஆனால் நொடியை அறுபதாகப் பிளந்து, அதில் ஒரே துண்டில் இரண்டு மனிதர்களின் அடி படுவது எப்போதோ ஒரு தடவை நடக்கும். இங்கே ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. அதனால் அது காரணமாக இருக்க முடியாது என்று அன்றும் தள்ளிவைத்தாள்.

ஊர்வல நாள் காலையில் தெருவே ஷட்டரை இறக்கிவிட்டது. தெகார் கறுப்பு உடுப்போடு, கச்சையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தான். ஆணியில் மாட்டவில்லை.

"மாஸ், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. செவப்போட கைய ஒரு வெரக்கடை நீட்டி வரைஞ்சியா?"

டானாங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் ஒரே படம்டா. கச்சைக்கு மட்டும் கலர் மாத்தினேன். நீயே பக்கத்துல உக்காந்து பாத்தல்ல?"

"பாத்தேன். நான் வீட்டுக்குப் போனப்புறம் நீ என்ன பண்ணினன்னு பாக்கல."

"உங்க டர்மோ சொல்லி அனுப்பினானா?"

"பாக் டர்மோன்னு சொல்லு."

"டயர் ஒட்டறவனுக்கெல்லாம் பாக்கா?"

"நீ மட்டும் என்ன, தகடு ஒட்டினவன்தானே!"

டானாங் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"போதும். ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றாள் ரத்ரி.

வெளியேதான் போனார்கள். முற்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். எவ்வளவு ஆத்திரத்திலும் உடம்புக்குப் பழகியது போகாது. இரண்டு பேரின் கைகளும் தாமாகவே நெஞ்சுக்கு நேரே கூடின. ரத்ரி வாசல்படியிலிருந்து அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். கும்பிட்ட விரல்கள் இருவருக்குமே வெளுத்துப் போயிருந்தன. கும்பிடும்போதே அடியைத் தீர்மானித்துவிட்ட கைகள். முறைப்படி கை மெல்ல இறங்க வேண்டும். இறங்கவில்லை. பிரிந்த இடத்திலிருந்தே பாய்ந்தன. டானாங்கின் முழங்கை தெகாரின் புருவத்தைப் பிளந்தது. அதே கணம் தெகாரின் குதிகால் டானாங்கின் விலாவில் இறங்கியது. இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

டானாங் மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். தெகாரின் முகத்தில் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். ரத்ரி ஓடவில்லை. படியிலேயே நின்றாள்.

"நம்ம விளையாட்டுல," என்றாள், "ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்ததே இல்ல."

"ம்பா, ரத்தம் வருது," என்றான் தெகார் மண்ணிலிருந்து.

"தெரியுது. தெகார், ஆடறப்ப ஆளுங்க கும்பிடற நேரத்துல உன் கை எங்க இருக்கும்?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லு."

"கும்பிடறப்ப பொத்தான எவன் தொடுவான்? மடியிலதான் இருக்கும்."

"என் கையும் மடியிலதான். இவரோடதும். நாம மூணு பேரும் பள்ளியில பழகினவங்க. கும்பிட்டு முடிக்காம அடிக்கக் கூடாதுன்னு உடம்புலயே எழுதிட்டாங்க. கடைப் பசங்க புதுசு, கும்பிடறப்பவே பொத்தானக் குத்தறாங்க!"

அவள் உள்ளே ஓடினாள். பழைய கைப்பேசிகளில் பிள்ளைகளின் விரல் சற்று முந்திவிட்டால் அந்த அழுத்தம் வீணாகக் கூடாது என்று, கோழிமுட்டை விளையாட்டுக் காலத்தில் அவளே எழுதிய ஒரு வசதி இந்த நிரலிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. முந்தி அழுத்தியதை நினைவில் வைத்திருந்து, ஆள் தயாரானதும் முதல் வேலையாகச் செய்யும். இரக்கப்பட்டு எழுதியது. கும்பிடும்போது இரண்டு பையன்களும் அழுத்தினால், இரண்டு அழுத்தமும் காத்திருந்து, கை பிரிந்த அதே படத்தில் இரண்டு அடியும் ஒன்றாகப் புறப்படும். ஒன்றாகவே போய்ப் படும். எப்போதோ நடக்கவேண்டியது ஒவ்வொரு தடவையும் நடந்ததற்கு அதுதான் காரணம்.

அவள் முதல் வரியை மாற்றுவதற்குள் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் தெருமுனையில் கேட்டது.

முதல் கல் ஓட்டில் விழுந்து உருண்டது. இரண்டாவது ஓட்டைப் பிளந்துகொண்டு மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை. ரத்ரி கம்ப்யூட்டரை இழுத்து மடியில் வைத்து, மேசைக்கு அடியில் சுருண்டு, அதன்மேல் கவிழ்ந்தாள். ஓட்டுச் சில்லுகள் முதுகில் கொட்டின. "ஏமாத்துக்காரி! வெளிய வாடி!" என்று யாரோ கத்தினார்கள். கேட் இரும்பை மூங்கில் கழிகளால் அடிக்கும் சத்தம்.

தெகார் வெள்ளைக் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனான். முகத்து ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"நானும் உங்க ஆளுதான்டா! கச்சையப் பாருங்க! உள்ள என் அக்கா இருக்கா! பதில் கெடச்சிருச்சு, பாக் டர்மோவக் கூப்புடு..."

பாதிச் செங்கல் ஒன்று அவனுடைய இடது காதில் வந்து விழுந்தது. எறிந்தவன் முகத்தைத் துணியால் மூடியிருந்தான். அவன் இடுப்பிலும் அதே வெள்ளைதான். தெகார் நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து உட்கார்ந்தான். டானாங் ஒடிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவன்மேல் விழுந்து மூடினான். கேட் சாய்ந்தது. கழிகள் டானாங்கின் முதுகிலும் கையிலும் விழுந்துகொண்டே இருந்தன. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தபோது அவன் கத்தவில்லை. கீழே கிடந்தவனிடம், "காத மூடிக்க, காத மூடிக்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாக் டர்மோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் பள்ளிப் பையன்கள் இரண்டு பேரைக் கழியால் அடித்து வீழ்த்திய பிறகுதான் அது நின்றது. போலீஸ் வண்டி அதற்கப்புறம் வந்தது.

தெகாரின் இடது செவிப்பறை கிழிந்து, உள்காதும் சிதைந்துவிட்டது. இனி அந்தக் காது கேட்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒலி செய்கிறவன். அவன் கட்டிலில் கிடந்தபடி வலது காதைத் தலையணையில் அழுத்தி மூடுவதும் எடுப்பதுமாக இருந்தான். இடப்பக்கம் எதுவுமே இல்லை என்பதைச் சரிபார்ப்பதுபோல. டானாங் கட்டுப்போட்ட கையோடு பக்கத்திலேயே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான்.

"கை நீட்டி வரையல மாஸ், நீ."

"வரையல."

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒதைச்சியா? விலா ரெண்டு போச்சுடா."

"என் புருவத்துல ஏழு தையல். நீ என்ன தெரியாமயா அடிச்ச?"

அந்த வாரக் கடைசியில் பாக் டர்மோ பு துமினி கடைக்கு வந்தார். கூடவே, செங்கல் எறிந்தவனைக் கழுத்தைப் பிடித்து அழைத்துவந்திருந்தார். கடையை வெறித்துக்கொண்டு இரண்டு பள்ளிகளின் ஆட்களும் தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெட்டி அங்கேயேதான் இருந்தது, மூலை விரிசலோடு; பக்கத்தில் ரத்ரி, டானாங், தெகார்.

"பதில் கெடச்சிருச்சுன்னு உங்க தம்பி கத்தினானாமே," என்றார். "கேக்க வந்தேன். கேக்க எனக்கு மொகம் இல்ல, இருந்தாலும் வந்தேன்."

"மொதல்ல பழசப் பாருங்க பாக். பக்கத்த மாத்தி நில்லுங்க. வெள்ளை இடப்பக்கம்." ரத்ரி கச்சைகளின் நிறத்தை மட்டும் இடம் மாற்றி, பழைய நிரலை ஓடவிட்டாள். "கும்பிடறப்பவே அடிங்க."

இடப்பக்கம் அவர், வலப்பக்கம் ஒற்றைக் கையோடு டானாங். கும்பிட்டார்கள். சிவப்பு விழுந்தது. மறுபடி, சிவப்பு விழுந்தது. ஐந்துக்குப் பூஜ்யம். தெருவில் குலோன் பக்கம் ஒருவன் கைதட்டத் தொடங்கி, பாக் டர்மோ திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அப்ப கலரு இல்ல. எடந்தான்," என்றார் அவர்.

"ஆமா. முந்திக் குத்தினத ரெண்டு பேருக்கும் சேத்து வச்சதும் நாந்தான், எடப்பக்கத்தவன மொதல்ல பாத்ததும் நாந்தான். எந்தப் பள்ளிக்காகவும் இல்ல. இப்ப புதுசு."

மாற்றிய நிரல் ஓடியது. கும்பிட்டார்கள். இருவரும் கும்பிடும்போதே பொத்தானை அழுத்தினார்கள். கை பிரிந்தது, இரண்டு அடியும் பட்டன, இரண்டு ஆட்களும் எதிரெதிரே சாய்ந்து மண்ணில் விழுந்தார்கள். ஈரச் சாக்கு விழும் சத்தம் இரண்டு தடவை, ஒன்றன்மேல் ஒன்றாக. தெகார் வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பிக் கேட்டான்.

செங்கல் எறிந்தவன் வாய்க்குள்ளேயே, "யாருக்குப் புள்ளி?" என்றான்.

"யாருக்கும் இல்ல," என்றாள் ரத்ரி.

"என்ன பண்ணினீங்க ம்பா?" என்று பாக் டர்மோ கேட்டார்.

அவள் திரையில் கிடந்த இரண்டு பேரையும் விரலால் காட்டிச் சொன்னாள்.

"முன்ன ஒருத்தன் அடியப் பாத்ததுமே மத்தவன விழ வச்சேன். இப்ப இவன் அடி பட்டுதான்னு பாத்து எழுதி வச்சுக்கறேன், யாரையும் விழ வைக்கறதில்ல. அவன் அடி பட்டுதான்னு பாத்து அதையும் எழுதி வச்சுக்கறேன். ரெண்டையும் பாத்து முடிச்சப்புறம்தான் யார் விழணுமோ அவங்கள விழ வைக்கறேன்."